ஜாமுக்கு மேலே பாலாடை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். ஒரு கை போதாதென்றால் இரண்டையும் வைக்கலாம். பிடல்கோம்ப் ஊரில் பொய் சொல்லத் தெரிந்தவர்கள் மொத்தமே இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் செத்துப்போனார். இன்னொருவர், நாளைக்கு வெயில் அடிக்குமா என்று வானொலியில் சொல்லும் வேலைக்குப் போய்விட்டார். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை.

ஐம்பத்தாறாம் வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஹெப்ஸிபா டாப்ஸ்காட்டுக்குக் கடிதம் வந்தது. ஊதா நிறத் தாள். பிரித்ததும் சமையலறை முழுக்க லாவண்டர் வாசனை. ஹெப்ஸிபா அதைப் படித்துவிட்டு, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"யாரு?" என்று கேட்டார் ரூபன். ரூபன் அவளுடைய கணவர். ரயில்வேயில் முப்பது வருடம் கைகாட்டி மரத்தை ஏற்றி இறக்கிவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது அடுப்போரத்து நாற்காலியில் உட்கார்ந்து மனைவியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

"முரியல்."

"எந்த முரியல்?"

"உலகத்துல எத்தனை முரியல் இருக்கா? திருடி முரியல்."

"ஓ. உன் சிநேகிதி."

"சிநேகிதியாம். அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு டீக்கு வராளாம். இந்தப் பக்கமா கார்ல போறாளாம். என்ன எழுதியிருக்கா பாரு. 'உன் எளிய இல்லத்தில் ஒரு கோப்பை தேநீர் போதும், எனக்காகச் சிரமப்பட வேண்டாம்.' எளிய இல்லமாம்! இவ பொறந்த வீட்டுல மழை பேஞ்சா குடும்பமே மேசைக்கு அடியில படுத்துக் கிடந்துச்சு. ஆத்தைத் தாண்டினதும் பவிசு வந்துடுச்சு."

ஆறு என்றால் டேமார் ஆறு. இந்தப் பக்கம் டெவன். அந்தப் பக்கம் கார்ன்வால். அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி பிடல்கோம்ப்காரர்களுக்கு மேலான அபிப்பிராயம் எதுவும் கிடையாது. கீழான அபிப்பிராயத்தையும் சும்மா செலவழிக்க மாட்டார்கள். விருந்தாளி யாராவது வந்தால் மட்டும் எடுத்து வைப்பார்கள்.

திருட்டு விவகாரம் இதுதான். முப்பது வருடத்துக்கு முன்னால் ஹெப்ஸிபாவும் முரியலும் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்த தோழிகள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அந்த வருடத்து மலர்க் கண்காட்சியில் ஸ்கோன் போட்டி வைத்தார்கள். ஸ்கோன் என்றால் வட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாவுப் பண்டம். யார் வேண்டுமானாலும் சுடலாம். தின்னும்படி சுடுவது ஒரு சிலருக்குத்தான் வரும். ஹெப்ஸிபாவுக்கு வந்தது. மோர் எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு, எந்த நேரத்தில் கையை எடுக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிப் படுத்திருந்தவளுக்கு முரியல்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். கஞ்சிக்கு உப்பு தேடினேன் என்று சொல்லி டப்பாக்களையெல்லாம் திறந்து பார்த்தாள்.

போட்டியில் முதல் பரிசு முரியலுக்கு. பரிசு கொடுத்த நடுவர் கார்ன்வாலிலிருந்து வந்திருந்த இளம் பல் டாக்டர் ட்ரெம்பாத். இலை உதிர்வதற்குள் முரியல் அவருடைய மனைவியாகி ஆற்றைத் தாண்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. முப்பது அட்டை. ஒன்றிலும் ஸ்கோனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஹெப்ஸிபா வேறு எதையும் கேட்கவில்லை. முரியல் வாயால் ஒரே ஒரு வாக்கியம் வர வேண்டும்: 'ஹெப்ஸி, அந்த ஸ்கோன் உன்னுடையது.' அதை எங்கே நின்றுகொண்டு கேட்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். ஜன்னலோரமாக. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டக் கூடாது. 'அப்படியா, நான் மறந்தே போயிட்டேன்' என்று சொல்ல வேண்டும்.

"அப்ப அந்தப் பல் டாக்டர் உனக்கு வந்திருக்க வேண்டியவரா?" என்றார் ரூபன்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லல. கணக்கு அப்படித்தானே வருது. அப்ப நான் உனக்கு ஆறுதல் பரிசா?"

"பரிசுன்னு யாரு சொன்னா?" என்றாள் ஹெப்ஸிபா. கொஞ்சம் யோசித்து, "ஆறுதல்னுதான் யாரு சொன்னா?" என்றும் கேட்டாள்.

ஒன்பது நாள் இருந்தது. சிரமப்பட வேண்டாம் என்று எழுதினவளுக்குத் தொண்டை அடைக்கிற மாதிரி ஒரு டீ கொடுப்பது என்று ஹெப்ஸிபா தீர்மானித்தாள்.

முதலில் பாலாடை. லஸ்கோம்ப் பண்ணையில் ஒரு சிவப்புப் பசு இருந்தது. அதன் பாலைக் கறந்து வாளியைக் கவிழ்த்தால், பால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் கீழே விழும். அந்தப் பாலை அகலமான சட்டியில் ஊற்றி, கொதிக்க விடாமல், ஒரு பகல் முழுக்க இளஞ்சூட்டில் வைத்து ஆடை எடுத்தாள். மேலே பொன்னிறத்தில் படிந்தது. பூனை ஒரு ஓரத்தில் ஏறி மறு ஓரத்தில் இறங்கிப் போனது. கால் தடம்கூட விழவில்லை. ரூபன் தன் ரயில்வே கைக்கடிகாரத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார். முழுகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அது நாளுக்கு நாலு நிமிடம் மெதுவாக ஓட ஆரம்பித்தது.

அடுத்தது வெள்ளரிக்காய் சாண்ட்விச். ரொட்டியின் ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளரியை மெல்லிசாகச் சீவினாள். ரூபன் ஒரு துண்டை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, செய்தித்தாளில் மரண அறிவித்தல் பக்கத்தை முழுவதும் படித்து முடித்தார். கண்ணாடி போட்டுப் படிப்பதைவிடத் தெளிவாக இருந்ததாம்.

"யாரு போயிட்டாங்க?"

"முரியல் இல்ல," என்றார் ரூபன். "வியாழக்கிழமை வருவா."

கடைசியில் ஸ்கோன். வியாழக்கிழமை விடிந்ததும் ஹெப்ஸிபா மாவைச் சலிக்க உட்கார்ந்தாள். ஒரு முறை சலித்தால் போதும். முரியலின் ஊதாத் தாள் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை சலித்தாள். 'எளிய இல்லம்' ஞாபகம் வந்தது, மூன்றாவது, நான்காவது. பதினோராவது முறை சலித்தபோது மாவு கீழே இறங்க மறுத்துவிட்டது. சல்லடைக்கும் பாத்திரத்துக்கும் நடுவில், வைகறைப் பனி மாதிரி அப்படியே நின்றது. காற்றடிக்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, அது மனசு மாறி இறங்குகிறவரை முக்கால் மணி நேரம் காத்திருந்தாள்.

அந்த மாவில் சுட்ட ஸ்கோன் எப்படி இருக்கும்? அடுப்புக்குள்ளே டொக்கு டொக்கு என்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் பன்னிரண்டும் தட்டை விட்டு எழும்பி, அடுப்பின் கூரையில் முட்டிக்கொண்டிருந்தன. ரூபன் மீன் அள்ளும் கைவலையோடு வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தட்டில் வைத்தார். ஹெப்ஸிபா கண்ணாடி மூடியால் மூடி, மூடியின் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

"இது தின்னறதுக்கா, பறக்க விடறதுக்கா?" என்றார் ரூபன்.

"பாலாடை எதுக்கு இருக்கு?"

அதைச் சொன்னால்தான் விளங்கும். டேமாருக்கு இந்தப் பக்கம், ஸ்கோனை இரண்டாகப் பிளந்து முதலில் பாலாடை தடவுவார்கள். அதன் மேல்தான் ஜாம். அந்தப் பக்கம் தலைகீழ்: முதலில் ஜாம், மேலே பாலாடை. இந்த ஒரு விஷயத்துக்காக நிச்சயித்த கல்யாணம் நின்றிருக்கிறது, சவ ஊர்வலம் பாதியில் திரும்பியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதை ருசி சம்பந்தப்பட்ட தகராறு என்று நினைக்கிறார்கள். ருசியாவது மண்ணாவது. பாரம்தான் விஷயம். நல்ல ஸ்கோனைத் தரையில் நிறுத்தி வைக்க முதலில் பாலாடை வேண்டும். கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில் போடுகிறார்கள் என்றால் அவர்கள் ஸ்கோன் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

"நீ முன்கூடத்துப் பக்கம் வரக் கூடாது," என்று ரூபனுக்கு உத்தரவு போட்டாள். "சமையலறையிலேயே இரு. கதவைக் கொஞ்சமா திறந்து வை. அவ சொல்றப்ப சாட்சிக்கு ஒரு காது வேணும்."

"வாய்?"

"வாய் வேணாம்."

நாலு மணிக்குக் கார் வந்தது. டாக்டர் ட்ரெம்பாத் மனைவியை இறக்கிவிட்டு, ஐந்து மணிக்கு வருகிறேன் என்று கையாட்டிவிட்டு மீன் பிடிக்கப் போனார். முரியலின் தொப்பியில் ஒரு பறவையின் பாதி இருந்தது. மீதிப் பாதிக்கு என்ன ஆயிற்று என்று ஹெப்ஸிபா கேட்கவில்லை.

"ஹெப்ஸி கண்ணு! நீ கொஞ்சம்கூட மாறவே இல்ல! இந்தக் கவுனைப் பார்த்ததுமே அடையாளம் தெரிஞ்சுடுச்சு."

"நீயும் அப்படியேதான் இருக்கே முரியல் கண்ணு. வேற இடத்துல பார்த்திருந்தா உன்னை உங்கம்மான்னு நினைச்சிருப்பேன், அவ்வளவுதான்."

இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து, நடுவில் இருந்த காற்றை முத்தமிட்டார்கள்.

முரியல் சிரித்தாள். முப்பத்திரண்டு பல்லும் வரிசையாக, வெள்ளை வெளேரென்று இருந்தன. "எங்க வீட்டுக்காரர் நோயாளிங்களுக்கெல்லாம் என் வாயைத்தான் உதாரணம் காட்டுவார். அம்பத்தஞ்சு வயசு, ஒரு பல்லு விழல. ஒழுங்கா துலக்கினா போதும்பார்." ஹெப்ஸிபாவுக்குச் சொந்தத்தில் பதினேழு இருந்தது. வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

முரியல் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். "என்ன ஒரு அடக்கமான கூடம்! எங்க கார் கொட்டகைகூட இந்த அளவுக்குக் கதகதப்பா இருக்காது."

"நீ வந்தப்புறம்தான் கொஞ்சம் நெருக்கமா தெரியுது."

ஹெப்ஸிபா கோப்பையில் முதலில் பாலை ஊற்றி, அப்புறம் டீயை ஊற்றினாள். முரியல் புருவத்தை உயர்த்தினாள். "ஓ, இந்தப் பக்கத்துல இன்னும் பாலைத்தான் முதல்ல ஊத்தறீங்களா! எவ்வளவு அழகு! எங்க வீட்டு வேலைக்காரியும் அப்படித்தான். நான் திருத்தறதே இல்ல."

பிறகு காலியான தட்டைத் தூக்கி, முகம் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, அடியில் எந்தக் கம்பெனி முத்திரை என்று பார்த்தாள். பார்த்ததும் உதட்டோரத்தில் ஒரு இரக்கம் வந்தது. ஹெப்ஸிபா அதைக் கவனித்தாள். ஆனால் குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டாள்.

"முரியல் கண்ணு, அந்த மலர்க் கண்காட்சி ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கண்காட்சி? நான் எவ்வளவோ கண்காட்சி திறந்து வச்சிட்டேன். போன மாசம் மட்டும் மூணு. எது எதுன்னு யாருக்கு ஞாபகம்?"

"நம்ம ஊருது. நான் முகம் வீங்கிக் கிடந்தேனே."

"அடடா, ஆமா! பாவம், பார்க்கவே சகிக்கல. இப்ப வத்திடுச்சு போல." முரியல் வெள்ளரி சாண்ட்விச் ஒன்றைக் கடித்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள். "வெள்ளரி வைக்க மறந்துட்டியா?"

கதவுக்குப் பின்னால் சமையலறையில் யாரோ இருமினார்கள்.

ஹெப்ஸிபா இஸ்திரிப் பெட்டியை இறக்கினாள். மூடியை ஒரு பக்கமாகத் தூக்கி, கையை உள்ளே விட்டு, ஒரு ஸ்கோனை இறுகப் பிடித்து எடுத்து முரியலின் தட்டில் வைத்து, அதன் மேல் கத்தியை வைத்தாள்.

"இஸ்திரிப் பெட்டி எதுக்கு?"

"அலங்காரம்."

"டெவன்ல அலங்காரம்னா இதானா!"

முரியல் ஸ்கோனைப் பிளந்தாள். ஒரு பாதியை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள். பாலாடைக் கிண்ணம் வலது பக்கம் இருந்தது; ஜாம் இடது பக்கம். அவள் பிறந்தது பிடல்கோம்பில். ஞானஸ்நானம் வாங்கியது பிடல்கோம்பில். எது முதலில் என்று அவளுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவள் ஹெப்ஸிபாவின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே இடது பக்கம் கரண்டியை நீட்டினாள். ஜாமை எடுத்தாள். ஸ்கோனின் மேல் நிதானமாக, ஓரம் வரை தடவினாள்.

ஹெப்ஸிபாவின் வீட்டில், அவளுடைய மேசையில், இதற்கு முன் இப்படி ஒரு அக்கிரமம் நடந்ததில்லை. எச்சரித்திருக்கலாம். 'முதலில் பாலாடை வை, இல்லையென்றால் நிற்காது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"முதல்ல ஜாமோட மட்டும் ஒரு கடி," என்றாள் முரியல். "அப்பதான் மாவோட தரம் தெரியும்."

கடித்தாள். கடித்த பல் மாவில் புதைந்தது. தரத்தைப் பற்றி ஏதோ சொல்வதற்காக விரலைத் தளர்த்தினாள். அந்தக் கணத்தில் ஸ்கோன் புறப்பட்டது. அவசரமில்லாமல், கண்ணியமாக, தொப்பிப் பறவையைத் தாண்டி, விளக்கைத் தாண்டி மேலே போய், உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே நின்றது. ஜாம் பக்கம் மேலே பார்த்திருந்தது. ஓரத்தில், கடித்த இடத்தில், முரியலின் மேல்வரிசைப் பல் பதினாறும் ரோஜா நிற ஈறோடு சேர்ந்து தொங்கியது.

பல்செட்டு.

பற்கள் மேலேயிருந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

முரியல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெப்ஸிபா எழுந்து ஜன்னலோரமாகப் போய் நின்றாள்.

"ஒழுங்கா துலக்கினா போதும்னு சொன்னியே கண்ணு."

"இறக்கு," என்றது கைக்குட்டை. சொற்களோடு காற்றும் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் புரிந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. ரூபன் கைவலையோடு வந்தார். வலையை நீட்டினார், வலையின் காற்றுக்கே ஸ்கோன் ஒதுங்கிக்கொண்டது. அடுப்புக் குத்துக்கோலால் தட்டினார்; அந்த மூலைக்குப் போய் நின்றது. ரூபன் குத்துக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ரயில் தாமதமானதை அறிவிக்கிற முகத்தோடு சொன்னார்:

"காத்திருந்தா தானா இறங்கும். ஆறி, காஞ்சு, கெட்டியாகணும். நாளைக்குச் சாயந்தரம் ஆகும்."

"அவரு அஞ்சு மணிக்கு வந்துடுவாரு!" என்றாள் முரியல். "கார்ல பாதிரியாரையும் ஏத்திக்கிட்டு வராரு. ஊர்ல அவ்வளவு பேருக்கும் என் பல்லைத்தான் காட்டறாரு. இது வெளியே தெரிஞ்சா எவன் அவர்கிட்ட வாயைத் திறப்பான்?"

கடிகாரம் நாலு முப்பத்தெட்டு காட்டியது.

"கை போட்டாலும் இப்படித்தான் நழுவும். உடனே இறங்கணும்னா பாரம் ஏத்தணும்," என்றார் ரூபன். "ஒரு கரண்டி பாலாடை வச்சா போதும்."

"வச்சிடுவோம்," என்று சொன்ன ஹெப்ஸிபா பாதியில் நின்றாள். மேலே பார்த்தாள். ஸ்கோனின் மேல் ஏற்கெனவே ஜாம் இருந்தது. பாலாடையை வைத்தால் அந்த ஜாமின் மேல்தான் வைக்க வேண்டும்.

ரூபனும் டெவன்காரர்தான்; சாவு வீட்டில் நிற்கிற மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் செய்ய மாட்டேன்," என்றாள் ஹெப்ஸிபா.

"அடியே ஹெப்ஸி, இது என் குடும்ப மானம்டி!"

"ஊதாத் தாள்ல எழுதறப்ப என் மானத்தை நினைச்சியா? எளிய இல்லம்னு எழுதினே. ஏறி நின்னு வைக்கிறதுக்கு நாற்காலி உன் மாளிகையிலேருந்து கொண்டு வா."

"நாற்காலி மேல ஏறினா எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியும். உனக்கு என்ன வேணும்? சொல்லு, என்ன வேணும்?"

ஹெப்ஸிபா முப்பது வருடம் பழகி வைத்திருந்த முகத்தைப் போட்டுக்கொண்டாள். "ஒரே ஒரு வாக்கியம். என்னன்னு உனக்குத் தெரியும்."

நாலு நாற்பத்தைந்து. முரியல் உத்தரத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, கசாயம் குடிக்கிறவள் மாதிரிச் சொன்னாள்:

"ஹெப்ஸி, அந்த ஸ்கோன் உன்னோடது."

ஹெப்ஸிபா 'அப்படியா, மறந்தே போயிட்டேன்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் முரியல் தொடர்ந்தாள்.

"போதுமா? டப்பாவைத் திறந்தேன், காகிதத்தை எடுத்தேன், அப்படியே சுட்டேன். இதையா முப்பது வருஷம் அடைகாத்துக்கிட்டு உக்காந்திருக்கே? அட பைத்தியக்காரி. அவரு அதைத் தின்னவே இல்லடி."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரர்தான். மேசையில எட்டுத் தட்டு இருந்தது. ஒண்ணைக்கூட அவர் தொடல. மாவுப் பண்டம் தின்னா பல்லு சொத்தையாகும்னு அப்பவே கட்சி கட்டினவரு. எட்டு பேரையும் வரிசையா நிக்க வச்சு, சிரிங்கன்னாரு. சிரிச்சோம். யாரு பல்லு நல்லாயிருந்ததோ அவளுக்கு ரிப்பனைக் குத்திட்டுப் போயிட்டாரு. நீ வந்திருந்தாலும் பூசணிக்கா மூஞ்சியை வச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்பே? தவிட்டு உருண்டை கொண்டு போயிருந்தாலும் நான்தான்டி ஜெயிச்சிருப்பேன்."

ஹெப்ஸிபா ஜன்னலோரமாக நின்றுகொண்டே இருந்தாள். அந்த வாக்கியம் வந்துவிட்டது. ஒரு எழுத்து குறையாமல் வந்துவிட்டது. ஆனால் கையில் வாங்கிப் பார்த்தால் அதற்கு ஒரு எடையும் இல்லை. விட்டால் அதுவும் உத்தரத்துக்குப் போய்விடும் போலிருந்தது.

"கேட்டதைக் குடுத்தாச்சு," என்றாள் முரியல். "இப்ப இறக்கு. இல்ல, டெவன்காரிக்கு வாக்கும் கிடையாதா?"

அந்தச் சொல்லுக்கு மேல் நிற்க முடியாது. ஹெப்ஸிபா பெரிய கரண்டியில் பாலாடையை அள்ளினாள். ரூபன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இறந்துபோன தாய் தகப்பனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஜாமுக்கு மேலே பாலாடையை வைத்தாள்.

ஸ்கோன் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. முரியல் இரண்டு கையாலும் பிடித்து, பல்லை உருவி, கோப்பையில் மீதியிருந்த டீயில் ஒரு அலசு அலசி வாய்க்குள் மாட்டிக்கொண்டாள். அதே நேரத்தில் வாசலில் ஹாரன் அடித்தது.

முரியல் கண்ணாடியில் தொப்பியைச் சரி செய்தாள். கீழே இறங்கிவந்த ஸ்கோனை ஒரு பார்வை பார்த்தாள். சிவப்புக்கு மேலே பொன்னிறம், சட்டப்படி, கார்ன்வால் முறைப்படி. அதை எடுத்து முழுவதையும் தின்றாள். விரலை நக்கினாள்.

"கடைசியில நீயும் வழிக்கு வந்துட்டே கண்ணு," என்றாள். "மாவு மட்டும் கொஞ்சம் கனம்."

கார் சத்தம் தெருமுனையில் அடங்குகிறவரை ஹெப்ஸிபா வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து, ஏறி நின்ற அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொன்னா. நீ கேட்டேல்ல?"

"கேட்டேன்."

"அது போதும். மத்தது எல்லாம் வயித்தெரிச்சல்ல சொன்னது. நாளைக்கே மாதர் சங்கத்துல சொல்லிடுவேன். தபால் ஆபீஸ்ல சொல்லுவேன். திருட்டுக் கழுதைன்னு அவ வாயாலேயே ஒத்துக்கிட்டான்னு சொல்லுவேன்."

"தாராளமா சொல்லு," என்றார் ரூபன். "முப்பது வருஷம் ஒத்துக்காதவ இப்ப ஏன் ஒத்துக்கிட்டான்னு கேப்பாங்க."

"பல்லு மேல போச்சு, அதனாலன்னு சொல்லுவேன். ஊரே சிரிக்கட்டும்."

"சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சிட்டு, பல்லு எப்படிக் கீழே வந்துச்சுன்னு கேப்பாங்க."

ஹெப்ஸிபா எழுந்தாள். மேசையைத் துடைத்தாள். கோப்பைகளைக் கழுவினாள். அந்தப் பெரிய கரண்டியை மட்டும் சோடா உப்புப் போட்டுத் தனியாகத் தேய்த்தாள். தேய்த்துவிட்டு, வெளியே கொண்டுபோய் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"ரூபன்."

"ம்."

"நீ யார்கிட்டேயாவது சொன்னே..."

"எதை? நான் சமையலறையிலதானே இருந்தேன்."

ஹெப்ஸிபா அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் உயிரோடிருந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரூபனும் சொல்லவில்லை. முரியல் சொல்வாள் என்று எதிர்பார்ப்பதற்கே இடமில்லை. கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் வருடா வருடம் வந்தது; இந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்று போனது.

யாரும் சொல்லாத கதையில் மாவு சலித்ததும் ஸ்கோன் பறந்ததும் எப்படி வந்தன என்று கேட்டால், கடைசிச் சத்தியம் இதுதான்: அன்றைக்கு மேசையில் இருந்த பன்னிரண்டு ஸ்கோனும், காலை ஒன்பது மணிக்கு ஹெப்ஸிபா மூலை ரொட்டிக்கடையில் வாங்கி வந்தவை.